எவர் வீடு ஆக்கிரமிப்பு? பள்ளிக்கரணைக் கழுவெளியும் சென்னை வெள்ளமும்

ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னரும் சென்னையில் ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொல் புழக்கத்திற்கு வருகிறது. அது பெரும்பாலும் ஆற்றங்கரைக் குடிசைகளையே சுட்டுகிறது. வெள்ள நிலத்தில் எழுந்த தனியார் அடுக்குமாடிகளை அரிதாகவே சுட்டுகிறது. இந்த வேறுபாடு எவ்வாறு உருவானது என்பதைப் பள்ளிக்கரணையை முன்வைத்து விளக்க முயல்கிறோம்.

கழுவெளி என்பது மழைநீர் ஆழமின்றிப் பரந்து தேங்கி, மெல்ல வடியும் நிலம். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணையில் சேர்கிறது. பின்னர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேலாகப் பரந்திருந்த இக்கழுவெளியில் எஞ்சியது சிறு பகுதியே. 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். குப்பைக் கிடங்கு, சாலைகள், அரசு நிறுவனங்கள், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், தனியார் குடியிருப்புகள் ஆகிய அனைத்தும் இந்நிலத்தை விழுங்கின.

மேடும் பள்ளமும்

தாழ்நிலத்தில் வீட்டுமனை போடுபவர் முதலில் மண் கொட்டி மேடாக்குகிறார். அங்கு நிற்க வேண்டிய நீர் மறைந்துவிடுவதில்லை. அடுத்துள்ள பள்ளத்திற்கு நகர்கிறது. ஒவ்வொரு மனையும் தனித்தனியே உயர்த்தப்படும்போது, ஊருக்கான வடிகாலைப் பற்றி எவரும் பொறுப்பேற்பதில்லை. இறுதியில் உயர்த்திக்கொள்ள வசதியற்ற பழைய குடியிருப்புகளும் சேரிகளுமே பள்ளமாகின்றன.

காகிதத்தில் உலர்ந்த நிலம்

விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த, 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2017இல் தனி விதிகள் வந்தன. நீர்நிலைகளுக்கு அவ்விதிகளில் விலக்கு உண்டு. ஆனால் ஆவணத்தில் ஏரி, ஓடை, கால்வாய் எனப் பதிவானதே நீர்நிலை. மழைக்காலத்தில் மட்டும் நீர் பரவும் விளிம்பு நிலம் பட்டாவாகப் பதிவாகியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அது உலர்ந்த நிலமே. அந்த இடைவெளியில்தான் மனை வணிகம் வளர்ந்தது. சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்களும் இதனால் பாதிக்கப்படுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அவர்களுக்குப் பத்திரம் உண்டு. பேசுவதற்கு ஓர் இடமும் உண்டு.

வெள்ளத்திலிருந்து வெள்ளத்திற்கு

பத்திரமற்றோரின் நிலை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. வெள்ள அபாயத்திலிருந்து காப்பதே காரணம் எனக் கூறப்பட்டது. அவர்களில் பலர் அனுப்பப்பட்ட பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைக் கழுவெளியை ஒட்டிய தாழ்நிலம். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கண்ணகி நகரும் ஒக்கியம் மடுவை ஒட்டியே அமைந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெரும்பாக்கம் நீரில் சூழப்பட்டது. இக்குடியிருப்புகளில் கணிசமானோர் தலித்துகள். நகருக்குள் இருந்த வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் இழந்து, வெள்ளத்தை மட்டும் இழக்காமல் வாழ்கின்றனர். இதனை இயற்கைப் பேரிடர் என்று மட்டும் கூறுவது, நிலத்தைப் பங்கிட்டதில் சாதிக்குள்ள பங்கை மறைப்பதாகும்.

நாம் கேட்க வேண்டியவை

வெள்ளம் பரவும் நிலம், பட்டாவாயினும் புறம்போக்காயினும், வரைபடத்தில் குறிக்கப்பட்டு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அங்கு புதிய கட்டட அனுமதி நிறுத்தப்பட வேண்டும். இடம்பெயர்த்தல் தவிர்க்க முடியாததெனில், மாற்று வீடு வாழ்ந்த இடத்திற்கு அருகில், மேட்டு நிலத்தில் அமைய வேண்டும். மாணவர்கள் தம் ஊரின் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பெற்று, மழைக்காலத்தில் நீர் நிற்கும் இடங்களோடு ஒப்பிடலாம். குடிசைக்கு அளிக்கப்படும் அறிவிப்பும் அடுக்குமாடிக்கு அளிக்கப்படும் அனுமதியும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனவா என்பதை அந்த ஒப்பீடு காட்டும்.