முத்திரை விழுந்த தறி: காஷ்மீர் கானி சால்வையின் நுட்பமும் வரியும்

காஷ்மீரின் கானி சால்வை எப்படி நெய்யப்பட்டது என்பதற்கும் அதன்மீது எவ்வளவு வரி விழுந்தது என்பதற்கும் நெருங்கிய உறவு உண்டு. இந்த உறவு போதிய அளவு ஆராயப்படவில்லை. நுட்பத்தைப் பற்றி எழுதுவோர் நூலையும் சாயத்தையும் பூவேலையையும் விரித்துரைத்துவிட்டு வரியையும் கடனையும் ஒரு பத்தியில் கடந்துபோகிறார்கள். அரசியல் வரலாறு எழுதுவோர் 1865ஆம் ஆண்டின் நெசவாளர் கிளர்ச்சியைச் சொல்லும்போது தறியின் பக்கம் திரும்புவதில்லை. ஒரு சால்வையை எத்தனை துண்டுகளாகப் பிரித்து நெய்வது, தறியை விட்டு எப்போது ஊசிக்கு மாறுவது ஆகியவற்றைத் தீர்மானித்ததில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே வரிக்குப் பெரும் பங்கு இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு நமக்குக் கிடைக்கும் மிக விரிவான சான்று வில்லியம் மூர்கிராப்ட் எழுதிவைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைகளைக் கவனித்துவந்த அவர், 1822-23இல் காஷ்மீரில் தங்கியிருந்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1841இல், அவருடைய குறிப்புகள் நூலாக வந்தன. சால்வைத் தொழிலைப் பிரிட்டனில் நிறுவ முடியுமா என்று பார்ப்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. அதனால்தான் கம்பளியின் எடை, நூற்பவளின் கூலி, தரகு, தீர்வை என்று எதையும் விடாமல் குறித்தார். கலை ரசிகர் ஒருவர் வந்திருந்தால் இந்தக் கணக்கு நமக்குக் கிடைத்திருக்காது.

மூலப்பொருள் காஷ்மீரில் விளைவதில்லை. லடாக்கிலும் மேற்குத் திபெத்திலும் பரந்துகிடக்கும் சாங்தாங் மேட்டுநிலத்தில் சாங்பா மேய்ப்பர்கள் வளர்க்கும் வெள்ளாடுகளுக்குக் கடுங்குளிரில் முரட்டு மயிரின் அடியில் மென்மயிர் முளைக்கிறது. குளிர் தணிந்து அது உதிரத் தொடங்கும்போது சீப்பால் வாரி எடுக்கிறார்கள். 12 முதல் 15 மைக்ரான் வரை தடிமனுள்ள இந்த இழைதான் பஷ்ம். மேற்குத் திபெத்தின் பஷ்ம் லடாக் வழியாகவே இறங்க வேண்டும் என்று 1684ஆம் ஆண்டின் திங்மோஸ்காங் உடன்படிக்கை வகைசெய்தது. காஷ்மீர் நெசவு நிலைபெற்றதற்கு அந்தக் கையெழுத்தும் ஒரு காரணம்.

ஸ்ரீநகருக்கு வந்த பஷ்ம் முதலில் பெண்களின் கைக்குப் போயிற்று. முரட்டு மயிரைக் கையால் பிரித்தெடுத்து, ஊறவைத்து இடித்த அரிசி மாவைத் தூவிப் பிசைந்து எண்ணெய்ப்பசை போக்கி, யிந்தர் என்னும் ராட்டையில் நூற்றார்கள். நூற்பில் ஒரு லட்சம் பெண்கள் ஈடுபட்டிருந்ததாக மூர்கிராப்ட் மதிப்பிடுகிறார். அந்த எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தே கொண்டாலும், பள்ளத்தாக்கில் நெசவாளர்களைவிட நூற்றவர்கள் பல மடங்கு அதிகம். அவர்களில் ஒருவரின் பெயர்கூட வரலாற்றில் இல்லை.

இனி நெசவு. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையை அறிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். கோர்வையில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் அவை சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. கானியில் அந்தக் கோர்ப்பு கரையோரத்தில் மட்டும் நிகழ்வதன்று. நிறம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் நிகழ்கிறது. பூவேலை உள்ள பகுதியில் ஊடை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடுவதில்லை. தன் நிறத்துக்குரிய சில பாவிழைகளைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறது. ஆகவே அங்கே நாடாவுக்கு வேலையில்லை. அதற்குப் பதில் கானி அல்லது தூஜி எனப்படும், கண் இல்லாத சிறு மரக்குச்சிகள். மழமழப்பான இலேசான மரத்தில் செதுக்கி, பிசிறு எழாமலிருக்க இருமுனையையும் சற்றே தீயில் கருக்கியிருப்பார்கள். வேலையின் அடர்த்திக்கேற்ப 400 முதல் 1500 குச்சிகள் வரை ஒரே தறியில் தொங்கின என்கிறார் மூர்கிராப்ட். நெசவாளி பார்ப்பது துணியின் பின்புறத்தை. பூ மலர்வது கீழே, தரையை நோக்கி.

கண்ணால் காணாத பூவை எப்படி நெய்வது? இங்கேதான் தாலீம் வருகிறது. நக்காஷ் வடிவத்தைக் கறுப்பு வெள்ளையில் வரைவார். தரா-குரு அந்த வரைபடத்தின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் எந்த நிறம் எத்தனை பாவிழைக்குப் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வார். தாலீம்-குரு அதைத் தனிக் குறியீடுகளில் எழுதிக்கொள்வார். தாலீம் எனப்படும் அந்தத் தாள்தான் தறிக்குப் போகும். வரைபடம் தறிக்குப் போக வேண்டியதில்லை. நம் காஞ்சிபுரத்தில் பழைய அடை முறையில் வடிவம் தறியிலேயே நூற்கயிறுகளாகக் கட்டப்பட்டிருந்தது. தறியைக் கழற்றினால் வடிவமும் கலைந்துபோகும். காஷ்மீரில் வடிவம் தாளில் இருந்தது. தாளைப் பெட்டியில் பூட்டலாம், படியெடுக்கலாம், கிழித்துப் பங்கிடலாம்.

இதன் விளைவு பெரிது. வடிவ அறிவு முழுவதும் நக்காஷிடமும் தாளை வைத்திருந்த, பட்டறை உரிமையாளரான கார்கானாதாரிடமும் தங்கியது. நக்காஷ்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. நல்ல ஊதியம் பெற்றார்கள். நெசவாளியோ தான் நெய்யும் சால்வையின் முழு வடிவத்தைப் பார்க்காமலே ஒரு துண்டை முடித்துவிட முடிந்தது. ஒரே தறியில் நெய்தால் ஒன்றரை ஆண்டும் அதற்கு மேலும் பிடிக்கும் உயர்ரகச் சால்வையை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டுத் தறிவரை பிரித்துக் கொடுத்தார்கள். தாலீமைப் பகுதி பகுதியாக வெட்டிக் கொடுத்தால் போதும். முடிந்த துண்டுகளைத் தையலே தெரியாதபடி ரஃபூகர்கள் என்னும் ஊசிவேலைக்காரர்கள் இணைத்தார்கள். மாறும் ஐரோப்பிய நாகரிகத்துக்கேற்ப விரைவாக முடிக்க வேண்டிய தேவையே இதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அது சரியே. ஆனால் முதல் முடங்கிக் கிடக்கும் காலத்தைக் குறைக்க வணிகர் ஏன் அவ்வளவு தவித்தார் என்று கேட்டால் வரியிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஆப்கானிய ஆளுநர் ஹாஜி கரீம்தாத் கான் காலத்தில் (1776-83) தாக்-ஷால் வரி நிறுவப்பட்டது. சால்வைத் துணியில் அரசு முத்திரை பதித்து அதன் மதிப்புக்கேற்ப வசூலித்தார்கள். 1819இல் சீக்கியர் ஆட்சி வந்தும் அது நீங்கவில்லை. 1823இல் தறியில் நெய்த சால்வைக்கு நூற்றுக்கு 26 என்ற வீதத்தில் தீர்வை இருந்தது.

இந்த 26 விழுக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அமலிகர் எனப்படும் ஊசிவேலைச் சால்வையைப் பார்க்க வேண்டும். 1803இல் கான்ஸ்டாண்டிநோபிள் வணிக நிறுவனம் ஒன்றின் முகவராக வந்த ஆர்மீனியர் குவாஜா யூசுப், கானி வடிவங்களை வெறுந்துணியில் ஊசியால் போட்டால் செலவு குறையும் என்று கண்டார். அலி பாபா என்ற ரஃபூகர் அதைச் செய்துகாட்டினார். ஊசிவேலைச் சால்வைக்கு அந்தத் தீர்வை இல்லை. விலையும் தறிச் சால்வையின் மூன்றில் ஒரு பங்குதான். இருபதே ஆண்டுகளில் ரஃபூகர்கள் சிலர் என்ற நிலையிலிருந்து ஐயாயிரமாகப் பெருகினார்கள். 1819 ஆட்சிமாற்றத்தில் நிலம் இழந்தவர்கள் பலரும் அவர்களில் இருந்தார்கள். மலிவும் வேகமும் இதற்குத் துணைசெய்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே வடிவம் தறியில் நெய்தால் முத்திரை, ஊசியில் போட்டால் விலக்கு என்ற நிலையில், ஊசி வென்றதைக் கலை ரசனையின் மாற்றமாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

ஐரோப்பிய இயந்திரம் காஷ்மீர் சால்வையைக் கொன்றது என்ற கூற்றுக்கு இப்போது வருகிறேன். ஜக்கார்டு பொறி 1804ஆம் ஆண்டினது. லியோனும் பெய்ஸ்லியும் நாரிச்சும் பல பத்தாண்டுகளாகப் போலிகளைக் குவித்தன. அந்தக் காலத்திலேதான் காஷ்மீரின் பிரெஞ்சு ஏற்றுமதி ஏறிக்கொண்டே போனது. 1860களில் அது உச்சத்தில் இருந்தது. போட்டி மட்டுமே காரணம் என்றால் வீழ்ச்சி முன்பே வந்திருக்க வேண்டும். சந்தை சரிந்தது 1870-71இல், பிரான்சு-பிரஷ்யப் போரோடு. நாகரிகமும் மாறியது.

சந்தை உச்சத்தில் இருந்தபோதே நெசவாளி அழிந்துகொண்டிருந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1846இல் டோக்ராக்களிடம் காஷ்மீரை ஒப்படைத்த அமிர்தசரஸ் உடன்படிக்கை, ஆண்டுதோறும் மூன்று சோடிச் சால்வைகளைப் பிரிட்டிஷ் அரசுக்குத் திறையாகச் செலுத்தச் சொன்னது. அதை நெய்தவருக்கோ கார்கானாதாரிடம் வாங்கிய முன்பணம் தீராமல் வேறிடம் போக உரிமை இல்லை. தப்பிப் பஞ்சாபுக்கு ஓடியவர்கள் அமிர்தசரஸிலும் லூதியானாவிலும் தறி போட்டார்கள். 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரின் சால்டகரில் நெசவாளர்கள் தாக்-ஷாலுக்கு எதிராகத் திரண்டபோது படை பாய்ந்தது. ஓட இடமின்றி நீரில் விழுந்து மூழ்கியவர்கள் குறைந்தது 28 பேர். சால்வையைப் பற்றிய அழகிய படப் புத்தகங்களில் இந்த நாளுக்கு ஒரு பக்கமாவது வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். பிறகு 1877-79 பஞ்சம் எஞ்சிய நெசவாளர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோயிற்று. தாலீம் கம்பளத் தறிக்கு இடம்பெயர்ந்து பிழைத்தது. கானி நெசவோ கனிஹாமா போன்ற சில இடங்களில் மட்டும் மீண்டும் தலைதூக்கியது.

காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இழை 16 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது, கையால் நூற்று கையால் நெய்திருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். இயந்திரத்தில் நூற்கும்போது அறுந்துபோகாமலிருக்க நைலான் கலந்து, பின்னர் அமிலத்தில் கரைத்து நீக்கும் இக்காலத்தில் இந்த ஏற்பாடு தேவையானதே. ஆயினும் யிந்தரில் அமர்ந்திருப்பவளுக்கு என்ன கூலி என்பதை அந்த முத்திரை கேட்பதில்லை. ஆய்வாளர்கள் கேட்கலாம். அருங்காட்சியகப் பட்டியல்கள் இன்று பூவின் பாணியை வைத்துச் சால்வைகளுக்குக் காலம் குறிக்கின்றன. அத்துடன் ஒவ்வொரு சால்வையும் எத்தனை துண்டு, இணைப்பு எங்கே, தறிவேலை எவ்வளவு, ஊசிவேலை எவ்வளவு, முத்திரைத் தடம் உண்டா என்பவற்றையும் பதிய வேண்டும். அந்தப் பதிவுகளை வரிவீத மாற்றங்களுடன் ஆண்டுவாரியாக ஒப்பிட்டால், இங்கே முன்வைத்த வாதம் எந்த அளவு நிற்கும் என்பதைத் துணிகளே காட்டிவிடும்.