செப்புத் தகட்டில் விவிலியம்: பரோக் கால அச்சுப் படங்களின் சமய, சமூகப் பணி

1. ஆய்வுப் பொருள்

16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டுவரை ஆண்ட்வெர்ப், ஆம்ஸ்டர்டாம், ஆக்ஸ்பர்க் முதலிய நகரங்களில் விவிலியக் காட்சிகள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டன. இவற்றைச் சமயப் பரப்புக் கருவிகளாக மட்டும் பார்ப்பது போதாது. படத்தை அனுப்பியவரைவிட, அதைப் பெற்ற ஓவியரும் புரவலருமே அதன் பயனைத் தீர்மானித்தார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. செய்முறையும் பரவலும்

தகட்டில் கூரிய உளியால் கோடு கீறி, மை பூசித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் ஏறிவிடும். ஒருமுறை அடித்த ஜக்கார்டு அட்டை மறுபடி மறுபடி அதே பூவை எடுத்துக் கொடுப்பதை ஆரணி முள்ளிப்பட்டின் பட்டு நெசவாளர் அறிவார். ஒரு தகடும் அப்படித்தான் ஒரே காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆனால் அச்சேறிய தாளில் இருந்தவை கருங்கோடுகளே. வண்ணத்தையும் அளவையும் பெறுபவர் கைதான் சேர்க்க வேண்டியிருந்தது.

3. சமயப் பணி

படங்கள் மக்களுக்கு மறைக்கல்வி தரவேண்டும் என்று 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் வலியுறுத்தியது. அந்நோக்கின் சிறந்த விளைவு, சேசு சபையின் ஜெரோம் நாடால் உருவாக்கி 1593இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியான 153 படங்களின் தொகுதி. பெரும்பாலானவற்றை வியரிக்ஸ் சகோதரர்கள் செதுக்கினர். காட்சிக்குள் எழுத்துக் குறிகள் இருக்கும். அடியில் அவற்றின் விளக்கம். குறி குறியாக நகர்ந்து தியானிப்பதே வாசிப்பு முறை. 1637இல் சீனாவில் ஜூலியோ அலேனி இவற்றை மரக்கட்டை அச்சில் வெளியிட்டார். ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகர எலியா ஆலயத்தில், 1680ஐ ஒட்டி, டச்சு விவிலியப் படங்கள் சுவரோவியங்களாயின. மேற்கு ஐரோப்பாவில் பிறந்த படக்கலை ஆர்த்தடாக்ஸ் ஆலயத்திலும் இடம்பிடித்தது.

4. அரசவையில்

1580இல் பதேபூர் சிக்ரி வந்த சேசு சபையினர், கிறிஸ்டோபர் பிளாண்டின் அச்சிட்ட பன்மொழி விவிலியத்தின் தொகுதிகளை முகலாயப் பேரரசர் அக்பரிடம் அளித்தனர். அவற்றின் செதுக்கு முகப்புப் படங்கள் முகலாய ஓவியக்கூடத்துக்கு மாதிரிகளாயின. 1600இல், பதின்மூன்றாம் வயதில், முகலாய ஓவியர் அபுல் ஹசன் வரைந்த புனித யோவானைக் கூர்ந்து பார்க்கலாம். பரோக்குக்கு முந்திய ஜெர்மானிய ஓவியர் ட்யூரரின் 1511ஆம் ஆண்டுச் சிலுவைக் காட்சியிலிருந்து அச்சிறுவர் கோத்த கைகளோடு துயருறும் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டார், சிலுவையை விட்டுவிட்டார். ஆடை மடிப்பும் துயரும் தூரிகைக் கோடுகளாயின. இது தேர்வு, வெறும் நகலன்று.

மரியாளின் உருவமும் அங்கே அந்நியமாக இல்லை. குர்ஆன் மரியமைப் போற்றுகிறது; அக்பரின் தாய்க்கு மரியம் மக்கானி என்பது பட்டம். அக்பரின் மகன் ஜஹாங்கீர் காலத்தில் ஒளிவட்டமும் சிறகுக் குழந்தைகளும் பேரரசர் உருவத்துக்கே உரிமையாயின. பக்திச் சின்னம் அரசுரிமைச் சின்னமானது.

5. வணிகர் வழி

ஈரானின் புதிய ஜூல்பாவில் ஆர்மீனியப் பேராலயச் சுவர்களுக்கு ஐரோப்பிய விவிலியப் படங்கள் மாதிரியாயின. அச்சமூக வணிகர்கள் சென்னையிலும் வேரூன்றி, 1772இல் ஆலயம் கட்டினர். 18ஆம் நூற்றாண்டில் ஆர்மீனியப் பலிபீடத் திரைகள் சென்னைப் பகுதியில் உருவாயின. விவிலியக் காட்சி இங்கே சாயமேறிய துணியாயிற்று. புலம்பெயர்ந்த சமூகம் அத்திரைகள் வழியே தன் அடையாளத்தைத் தாயகத்துக்குக் காணிக்கையாக அனுப்பியது.

6. முடிவு

தியானம், ஆட்சி, சமூக அடையாளம் என மூன்று பணிகளை ஒரே படக்கலை செய்தது. அது இயன்றதற்குக் காரணம் தகட்டின் பெருக்கும் ஆற்றலும் பெற்றவரின் தேர்வும் சேர்ந்ததே. ஆகவே இந்திய ஆக்கங்களை ‘ஐரோப்பியப் பிரதி’ என ஒதுக்குவது தவறு. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று ஒவ்வொன்றிலும் கேட்பதே முறையான ஆய்வு; அந்த மரியாதை இக்கலைஞர்களுக்கு உரியது.