செம்பு, ரயில், மூடிய எல்லை: ஜாம்பியா கொடுத்த விலை

(எபிசோட் 38. ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வரும் தடுமாற்றங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு ஒரு லிசனர் நீளமா ஒரு மெயில் போட்டிருந்தார். சுருக்கமா அவர் கேட்டது இதுதான்: "ஒரு நாடு பக்கத்து நாட்டுல நடக்கிற அநியாயத்தைக் கண்டிக்கணும்னு எல்லாரும் சொல்றீங்க. ஆனா நமக்கு எண்ணெயும் மின்சாரமும் அந்த நாட்டுல இருந்துதான் வருதுன்னா என்ன பண்ணுவீங்க? மனித உரிமை பேசினா வயிறு நிறையுமா?"

நியாயமான கேள்வி. இதுக்குக் கருத்தா பதில் சொல்றதைவிட, இதே கேள்வியில நிஜமாவே மாட்டிக்கிட்ட ஒரு நாட்டோட கதையைச் சொல்லலாம்னு தோணுச்சு. அந்த நாடு ஜாம்பியா.

அதுக்கு முன்னாடி நம்ம நாட்டில் இருந்து ஒரு சின்ன உதாரணம். அப்பத்தான் ஜாம்பியா கொடுத்த விலையோட அளவு புரியும்.

1860-ல் மதராஸில் இருந்து கிளம்பிய கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நம்ம ஆட்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களின் பேரன் பேத்திகள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டத்தை 1946-ல் அந்த நாட்டு அரசு கொண்டுவந்தது. அதே வருஷம் ஜூலையில் இந்தியா தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தையே நிறுத்தியது. நமக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு! உலகத்திலேயே முதலில் இதைச் செய்த நாடு நாமதான். அப்போது இந்திய ஏற்றுமதியில் தென்னாப்பிரிக்காவின் பங்கு சுமார் 5 சதவீதம். சின்ன நஷ்டம் இல்லை. ஆனா தாங்கக்கூடிய நஷ்டம். மீதி 95 சதவீதம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அந்த 5 என்கிற எண்ணை மனசுல வச்சுக்கோங்க. இப்ப ஜாம்பியாவுக்குப் போவோம்.

1964 அக்டோபர் 24-ல் பிரிட்டனிடம் இருந்து ஜாம்பியா விடுதலை பெற்றது. முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டா, காந்தியின் வழியில் ஈர்ப்பு கொண்டவர். நாட்டிடம் இருந்தது செம்பு. ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் செம்பில் இருந்துதான். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஜாம்பியர்கள் மொத்தமே நூறு பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள். நம்ம காலேஜ்ல ஒரு டிபார்ட்மெண்ட்ல ரெண்டு செக்‌ஷன் சேர்ந்தா அதைவிட அதிகம்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்க. ஜாம்பியாவுக்குக் கடற்கரை கிடையாது. தெற்கே ஜாம்பேசி ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரொடீசியா, அதாவது இன்றைய ஜிம்பாப்வே. செம்பு கடலுக்குப் போகும் முக்கிய ரயில் பாதை ரொடீசியா வழியாகத்தான் போனது. சுரங்கத்துக்கு நிலக்கரி ரொடீசியாவின் வாங்கி சுரங்கத்தில் இருந்து வந்தது. பெட்ரோலும் அந்தப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையில் இருந்துதான். மின்சாரம்? ரெண்டு நாட்டுக்கும் நடுவில் இருக்கும் கரிபா அணையில் இருந்து. ஆனா அதோட மின்நிலையம் தென்கரையில், ரொடீசியாவின் பிடியில் இருந்தது. காலனி ஆட்சிக் காலத்தில் எல்லாத்தையும் தெற்கு நோக்கியே கட்டியிருந்தார்கள். சுதந்திரம் வந்து கொடி மாறிச்சு, தண்டவாளம் மாறலை.

1965 நவம்பர் 11. ரொடீசியாவில் இயான் ஸ்மித் தலைமையிலான வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரத்தை அறிவித்தது. அங்கே நாற்பது லட்சத்துக்கும் மேல் கருப்பின மக்கள். வெள்ளையர்கள் ரெண்டு லட்சத்துச் சொச்சம் பேர். பெரும்பான்மைக்கு ஆட்சியில் இடம் கொடுக்க மாட்டோம் என்பதுதான் அந்த அறிவிப்பின் உள்ளடக்கம்.

பிரிட்டன் ரொடீசியாவுக்கு எண்ணெய்த் தடை போட்டது. பதிலுக்கு ரொடீசியா ஜாம்பியாவுக்குப் போகும் எண்ணெயை நிறுத்தியது. தடை போட்டது லண்டன், பங்க்கில் பெட்ரோல் தீர்ந்தது லுசாகாவில்! பிரிட்டனும் கனடாவும் அமெரிக்காவும் டிரம் டிரம்மாக எண்ணெயை விமானத்தில் கொண்டுவந்து இறக்கின. மீதி டான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்தில் இருந்து லாரியில் வந்தது. அந்த மண் சாலைக்கு டிரைவர்கள் வைத்த பெயர் 'நரக ஓட்டம்'. மழைக் காலத்தில் சேற்றில் வழுக்கிக் கவிழ்ந்த லாரிகள் அவ்வளவு.

இங்க ஒரு நிமிஷம். நான் வேலை பார்க்கிற டீம்ல ஒருமுறை இதே மாதிரி ஒண்ணு நடந்தது. எங்க சிஸ்டம் முழுக்க ஒரே ஒரு வெண்டாரை நம்பி இருந்தது. அவங்க திடீர்னு விலையை ஏத்தினாங்க. மீட்டிங்கில் எல்லோரும் "விட்டு வெளியே வந்துடலாம்" என்று கொதித்தார்கள். எங்க லீட் மட்டும் அமைதியாகக் கேட்டார்: "வரலாம். எத்தனை மாசம் ஆகும்? அதுவரைக்கும் எது ஓடும்?" அந்த ரெண்டு கேள்விக்கும் எங்ககிட்ட பதில் இல்லை. விலையை ஒத்துக்கிட்டோம். அது வெறும் சாஃப்ட்வேர். கவுண்டா முன்னாடி இருந்தது ஒரு நாடு. ஆனா கேள்விகள் அதேதான்.

கவுண்டா எடுத்த வழி எனக்குப் பிடித்தது. ஒரு பக்கம் ரொடீசியாவைக் கண்டித்துப் பேசினார், அங்கிருந்து வந்த விடுதலை இயக்கங்களுக்கு இடம் கொடுத்தார். இன்னொரு பக்கம், சார்பை ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்ற ஆரம்பித்தார். உள்நாட்டிலேயே நிலக்கரிச் சுரங்கம் தோண்டினார்கள். தார் எஸ் சலாமில் இருந்து சுமார் 1,700 கிலோமீட்டருக்கு எண்ணெய்க் குழாய் பதித்து 1968-ல் முடித்தார்கள். காஃபுவே ஆற்றில் சொந்தமாக நீர்மின் நிலையம் கட்டினார்கள். கரிபாவின் வடகரையிலும் ஒரு மின்நிலையம் எழும்பியது.

ரயில்தான் பெரிய தலைவலி. டான்சானியா கடற்கரை வரைக்கும் புதுசா ஒரு பாதை வேணும். உலக வங்கி "கட்டுப்படியாகாது" என்றது. மேற்கு நாடுகளும் கைவிரித்தன. கடைசியில் சீனா வந்தது. அப்போது சீனாவே ஏழை நாடு. வட்டியில்லாக் கடன் கொடுத்து, பல்லாயிரம் தொழிலாளர்களையும் அனுப்பியது. 1970-ல் தொடங்கிய வேலை 1975-ல் முடிந்தது. 1,860 கிலோமீட்டர் பாதை. பெயர் 'டாசாரா'. என் மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கிற ஒரு விஷயம்: தண்டவாள அகலத்தை 1,067 மில்லிமீட்டராக வைத்தார்கள். அது தெற்கே ரொடீசியாவில் இருந்த அதே அளவு. என்றைக்காவது தெற்கு விடுதலை அடையும், அன்றைக்குப் பெட்டிகள் நேராக ஓடணும் இல்லையா?

ஆனா கதையின் உச்சம் ரயில் முடியறதுக்கு முன்னாடியே வந்துவிட்டது.

1973 ஜனவரியில் இயான் ஸ்மித் எல்லையை மூடினார். "உங்க நாட்டில் இருந்து கெரில்லாக்கள் வர்றாங்க, அவங்களை நிறுத்துங்க" என்பது அவர் நிபந்தனை. ஆனால் செம்புக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். ஏன்? அந்தச் சரக்குக் கட்டணம் அவருடைய ரயில்வேக்குத் தேவை. அந்த விலக்கைப் பார்த்தாலே புரியும், கயிற்றின் அந்த முனையிலும் ஒரு முடிச்சு இருந்தது.

கவுண்டா அந்த முடிச்சைப் பிடித்து இழுத்தார். செம்பும் உங்க வழியா வராது என்று சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள் ஸ்மித் எல்லையைத் திறந்தார். கவுண்டா திறக்கவில்லை. தன் பக்கத்துக் கதவை மூடியே வைத்தார், ஐந்து வருஷத்துக்கும் மேல்.

நாம கைதட்ட ஆசைப்படும் இடம் இதுதான். ஆனா பில் யாருக்கு வந்ததுன்னு பார்க்கணும். 1974-ல் உச்சத்துக்குப் போன செம்பு விலை அந்த வருஷக் கடைசியில் பாதிக்கும் கீழே விழுந்தது. 1975-ல் அங்கோலாவில் உள்நாட்டுப் போர் வெடிக்க, மேற்கே போகும் பெங்குவேலா ரயில் பாதையும் அடைபட்டது. எல்லாப் பாரமும் டாசாராவின் தலையில். தார் எஸ் சலாம் துறைமுகத்தில் சரக்கு மலையாகக் குவிந்தது. சோப்பு, சமையல் எண்ணெய் என்று அன்றாடச் சாமான்களுக்கே தட்டுப்பாடு.

1978 அக்டோபர். நவம்பரில் மழை தொடங்கும், மக்காச்சோளம் விதைக்கணும். உரம் வந்து சேரவில்லை. மக்காச்சோள மாவுக் களிதான் அங்கே தினசரிச் சாப்பாடு. விதைப்பு தவறினால் பஞ்சம். கவுண்டா தெற்குப் பாதையைத் திறந்தார். அவருடைய நெருங்கிய நண்பர்கள்கூட வருத்தப்பட்டார்கள். அதே மாதம் ரொடீசிய விமானங்கள் லுசாகா பக்கத்தில் இருந்த விடுதலைப் போராளிகளின் முகாமில் குண்டு போட்டன. எதிரியின் ரயிலில் உரம் வருது, எதிரியின் விமானத்தில் குண்டு வருது. ரெண்டும் ஒரே மாதத்தில்.

அப்போ கவுண்டா தோத்துட்டாரா? லிசனர் கேட்ட கேள்விக்கு, "வயிறு நிறையாது"ன்னு பதில் வந்துடுச்சா?

அந்த முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி, இதே காலத்தில் பெரிய நாடுகள் என்ன செய்தன என்று பாருங்க.

அமெரிக்கா 1971-ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஐ.நா. பாதுகாப்பு சபையின் தடையையும் மீறி ரொடீசியக் குரோமியத் தாதுவை வாங்க அது வழி செய்தது. காரணம்? வாங்காவிட்டால் சோவியத்தை நம்பி இருக்க வேண்டி வருமாம். 'சார்பு' என்ற அதே வார்த்தைதான். ஆனால் சொன்னது உலகத்தின் மிகப் பெரிய பொருளாதாரம். 1977-ல்தான் அந்தச் சட்டம் ரத்தானது.

பிரிட்டன் இன்னும் சுவாரசியம். ரொடீசியாவுக்கு எண்ணெய் போகக் கூடாதென்று மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்துக்கு வெளியே பிரிட்டிஷ் கடற்படை 1966-ல் இருந்து 1975 வரை காவல் நின்றது. அதே நேரம் ஷெல், பிரிட்டிஷ் பெட்ரோலியம் ஆகியவற்றின் கிளை நிறுவனங்கள் மூலம் வேறொரு துறைமுகம் வழியாக ரொடீசியாவுக்கு எண்ணெய் போய்க்கொண்டுதான் இருந்தது. இதை பிரிட்டிஷ் அரசு அமைத்த பிங்கம் விசாரணையின் அறிக்கையே உறுதி செய்தது. அறிக்கை வெளியானது 1978 செப்டம்பரில். கவுண்டா வேறு வழியில்லாமல் எல்லையைத் திறந்ததற்கு ஒரு மாதம் முன்பு!

எனக்கு இந்த எபிசோடை ஏன் பேசணும்னு தோணுச்சுன்னா, இந்த ஒரு மாசத்துக்காகத்தான். ஏகப்பட்ட கதவு இருந்தவர்கள் "எங்களுக்கு வேறு வழியில்லை" என்றார்கள். நிஜமாகவே வழியில்லாதவர் ஐந்து வருஷம் தாங்கினார். அவர் தாங்கின காலத்தில் எண்ணெய்க் கசிவு நின்றிருந்தால் அந்தப் போர் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கலாம்.

கவுண்டாவைப் புனிதர் ஆக்க வேண்டாம். 1972-ல் தன் நாட்டிலேயே ஒரு கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தவர் அவர். பக்கத்து நாட்டு மக்களின் வாக்குரிமைக்காக நின்றவர், சொந்த நாட்டில் எதிர்க்கட்சியைத் தடை செய்தார். எல்லை நெருக்கடியையும் பாதுகாப்பையும் காரணம் காட்டித்தான். சீன ரயிலும் இலவசம் இல்லை, அது ஒரு கடன். ஒரு சார்பைக் கழற்ற இன்னொன்றை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் 1980 ஏப்ரலில் ரொடீசியா போய் ஜிம்பாப்வே பிறந்தது. 1990 பிப்ரவரியில் சிறையில் இருந்து வெளியே வந்த மண்டேலா, அதே மாதம் முதல் வெளிநாட்டுப் பயணமாகப் போனது லுசாகாவுக்கு. அவருடைய கட்சியின் தலைமையகம் அத்தனை வருஷம் அங்கேதான் இருந்தது. அடுத்த வருஷம், 1991-ல், பல கட்சித் தேர்தலில் தோற்ற கவுண்டா அமைதியாகப் பதவியை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

இப்ப அந்த மெயிலுக்கு வர்றேன். உரிமையா, வயிறா என்று கேட்டால் எந்த நாடும் வயிறு என்றுதான் சொல்லும், சொல்லவும் வேணும். உரத்துக்காக எல்லையைத் திறந்த கவுண்டாவை என்னால் குறை சொல்ல முடியலை. ஆனா "நமக்கு வேற வழியில்லை"ன்னு ஒரு அரசாங்கம் சொல்லும்போது, நம்ம அரசாங்கமா இருந்தாலும் சரி, எங்க லீட் கேட்ட கேள்வியைக் கேட்கலாம். மாற்று வழி கட்ட எத்தனை வருஷம் ஆகும்? இன்னைக்கு அதுக்கு ஒரு செங்கல்லாவது வச்சிருக்கீங்களா? கூடவே ஒண்ணு சேர்த்துக்கலாம்: அதுவரைக்கும் ஆகிற செலவு யார் தலையில விழுது?

1946-ல் நாம கொடுத்தது 5 சதவீதம். ஜாம்பியா கிட்டத்தட்ட எல்லாத்தையும் பணயம் வச்சது. 1965-ல் தொடங்கி ஒரு குழாய், ஒரு சுரங்கம், ஒரு மின்நிலையம், ஒரு ரயில் பாதை என்று கட்டியிருக்காவிட்டால், 1973-ல் அந்தக் கதவை ஒரு வாரம்கூட மூடி வைத்திருக்க முடியாது.

அடுத்த வாரம் சந்திப்போம். கேள்விகள் இருந்தா மெயில் போடுங்க, இந்த மாதிரி சண்டை போடுற மெயிலா இருந்தா இன்னும் நல்லது.