நியூ லனார்க் ஆலை புகட்டும் பாடம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் நூற்பாலைகள் பெருகின. உழைப்போர் நிலையோ தாழ்ந்தது. சிறுவரும் நாள்தோறும் பன்னிரண்டு மணிக்கு மேல் வேலை செய்தனர். அடியும் வசவுமே மேற்பார்வையின் கருவிகளாயின. வேறு வழியும் உண்டெனக் காட்டியவருள் ஒருவர் இராபர்ட் ஓவன்.

ஸ்காட்லாந்தில், கிளைடு ஆற்றங்கரையில் அமைந்த நியூ லனார்க் ஆலையின் நிருவாகத்தை அவர் 1800ஆம் ஆண்டு ஏற்றார். அடிப்பதைத் தடுத்தார், பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்குச் சேர்ப்பதை நிறுத்தினார். ஒவ்வொருவர் அருகிலும் நான்கு நிறமுடைய சிறு மரக்கட்டை தொங்கியது. முந்தைய நாளின் நடத்தை மிக நன்றெனில் வெள்ளை, தீதெனில் கறுப்பு நிறம் முன்னே தெரியும். மேற்பார்வையாளரின் மதிப்பீடு தவறெனக் கருதியவர், அது ஏட்டில் பதியப்படுமுன் ஓவனிடமே முறையிடலாம்.

எனினும் தொழிலாளர் அவரை எளிதில் நம்பவில்லை. 1807ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. பருத்தி விலை ஏறியது. ஓவன் இயந்திரங்களை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. நான்கு மாதங்கள் முழுக்கூலி அளித்ததாகவும், அதற்கு 7,000 பவுனுக்கு மேல் செலவானதாகவும் அவரது தன்வரலாறு கூறுகிறது. அதன்பின்னரே தொழிலாளரின் ஐயம் அகன்றது.

உயிரற்ற இயந்திரத்தைப் பேணுவதால் ஆதாயம் உண்டெனில், உயிருள்ள மனிதரைப் பேணுவதால் அதனினும் மிகும் என்பது அவர் வாதம். செலவைக் கண்டு பங்காளிகள் சினந்தனர். எனவே 1813இல், ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து ஆதாயமே போதுமென்ற புதிய பங்காளிகளை அவர் சேர்த்தார். 1816இல் தொழிலாளருக்கும் அவர்தம் மக்களுக்கும் கல்விக்கூடம் திறந்தார். ஆலையும் நொடித்துப் போகவில்லை. 1968 வரை இயங்கியது.

குறையும் இல்லாமலில்லை. விதிகளை வகுத்தவர் ஓவன் ஒருவரே. தொழிலாளர்க்கு அதில் பங்கில்லை. நிறக்கட்டையும் ஒருவரைப் பிறர் முன் தலைகுனியச் செய்யக்கூடியதே. பேணுதல் வேறு, மதித்தல் வேறு. பேணுதல் முதலாளியின் மனநலத்தைப் பொறுத்தது; அவர் மாறினால் அதுவும் மாறும். மதிப்போ, உழைப்பவன் தன் குறையை அச்சமின்றி எடுத்துரைக்கும் உரிமையில் வேர்கொள்வது. நியூ லனார்க்கில் அவ்வுரிமை ஒரு முறையீட்டளவில் மட்டுமே முளைத்தது. அம்முளையை வளர்ப்பதே நல்ல நிருவாகத்தின் கடமையாகும்.