ஏ எங்கே? பி எங்கே?

பக்கத்தில் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் திறந்து பாருங்கள். சி டிரைவ் இருக்கும். டி இருக்கலாம். சரி, ஏ எங்கே? பி எங்கே?

அ, ஆ இல்லாமல் நேராக இ-யில் ஆரம்பிக்கிற அரிச்சுவடியை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கம்ப்யூட்டரில் தினமும் பார்க்கிறோம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த இரண்டு எழுத்துகளும், எப்போதோ காலமாகிவிட்ட ஒரு பெரியவருக்காக இன்னும் காலியாக வைத்திருக்கும் நாற்காலிகள். பெரியவரின் பெயர் டாஸ்.

கறுப்புத் திரை. இடது ஓரத்தில் ஓர் எழுத்து. பக்கத்தில் கண் சிமிட்டும் சின்னக் கோடு. அவ்வளவுதான். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. என்ன செய்யலாம் என்று மெஷின் சொல்லாது, நீங்கள்தான் அதற்குச் சொல்லவேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும், 'பேட் கமாண்ட்' என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் பயபக்தியோடு நுழைந்தவர்களுக்கு இது தெரியும். அவர்களிடம் ஒரு நோட்டு இருந்தது. நோட்டு நிறைய டிப்ஸ்.

இன்றைக்கும் பழைய மெஷின் ஒன்று கைக்கு வந்தால் அந்த டிப்ஸ் உதவும். ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் வேறு. அந்த டிப்ஸ் ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் என்றைக்கோ எடுத்த முடிவின் தழும்பு.

முதல் டிப்ஸ்: ஒரே ஒரு ஃப்ளாப்பி டிரைவ் இருந்தாலும் கவலைப்படாதீர்கள். ஏ-யிலிருந்து பி-க்கு காப்பி என்று தைரியமாகச் சொல்லுங்கள். 'அந்த ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு, பி-க்கான ஃப்ளாப்பியைப் போடு' என்று மெஷினே கேட்கும். ஒரே டிரைவ், இரட்டை வேடம்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியபோது அதில் ஹார்ட் டிஸ்க் இல்லை. ஃப்ளாப்பிதான். ஒன்றுக்கு ஏ, இன்னொன்றுக்கு பி. 1983-ல் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு அடுத்த மாடல் வந்தது. முதலிரண்டு சீட்டிலும் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்தார்கள். புது மாப்பிள்ளைக்கு சி. ஃப்ளாப்பிகள் செத்துப்போய், புதைத்த இடத்தில் புல் முளைத்தபிறகும் அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.

இரண்டாவது: பெயரைச் சுருக்கு. 'மார்ச் மாதச் சம்பளப் பட்டியல்' என்றெல்லாம் ஃபைலுக்குப் பெயர் வைக்கமுடியாது. எட்டு எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் மூன்று எழுத்து. நடுவே இடைவெளி கூடாது. ஆகவே எந்தச் சுருக்கம் எந்த ஃபைல் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

எட்டும் மூன்றும் யார் கணக்கு? ஏ, பி என்று டிரைவுக்குப் பெயர் வைத்தது யார்?

டாஸ் இல்லை. டாஸுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். சிபிஎம். கட்சி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இது கலிஃபோர்னியாவில் பிறந்த மென்பொருள்.

எழுதியவர் கேரி கில்டால். அமெரிக்கக் கடற்படையின் உயர்கல்லூரியில் பாடம் நடத்திய ஆசிரியர். 1974-ல், சின்னஞ்சிறு கம்ப்யூட்டரை ஒரு ஃப்ளாப்பி டிரைவோடு பேசவைப்பதற்காக இதை உருவாக்கினார். அன்றைக்கு நினைவகம் தங்கம் மாதிரி. எழுத்துக்கு எழுத்து கஞ்சத்தனம் பிடிக்கவேண்டியிருந்தது. எட்டும் மூன்றும் அப்படி வந்ததுதான்.

அவருடைய சிக்கனத்துக்கு இன்னோர் உதாரணம் சொல்கிறேன். அதிலேயே மூன்றாவது டிப்ஸும் இருக்கிறது.

டாஸில் ஃபைலைத் தெரியாமல் அழித்துவிட்டீர்களா? பதறாதீர்கள். முக்கியமாக, அந்த டிஸ்க்கில் வேறு எதையும் எழுதாதீர்கள். 'அன்டெலீட்' என்று அடியுங்கள். 1991-ல் வந்த ஐந்தாம் டாஸிலிருந்து இந்த வசதி உண்டு. உடனே உங்கள் ஃபைலின் பெயர் வரும், முதல் எழுத்து மட்டும் இல்லாமல். அங்கே ஒரு கேள்விக்குறி நிற்கும். அந்த எழுத்து என்னவென்று உங்களிடமே கேட்கும். சொன்னால் ஃபைல் உயிரோடு திரும்பிவிடும்.

மெஷினுக்கு ஏன் முதல் எழுத்து மட்டும் மறந்துபோகிறது? ஏனென்றால், டாஸ் எதையும் உண்மையில் அழிப்பதில்லை. பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு 'ஈ5' என்ற ஓர் எண்ணைப் போடும். இந்த இடம் காலி என்று அர்த்தம்.

அதென்ன ஈ5? அந்தக் கால 8 அங்குல ஃப்ளாப்பிகள் கடையிலிருந்து வரும்போதே முழுக்க ஈ5 நிரப்பப்பட்டு வரும். கில்டால் பார்த்தார். புது டிஸ்க்கை உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருப்பானேன்? ஈ5 இருந்தால் காலி என்று வைத்துக்கொண்டால் வேலை மிச்சம். முடிந்தது கதை. 8 அங்குல ஃப்ளாப்பியைக் கண்ணால்கூடப் பார்க்காத கோடிக்கணக்கான பேர், அதன் அடையாளத்தால் தங்கள் ஃபைல்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

சரி, கில்டாலின் பழக்கங்கள் டாஸுக்குள் எப்படி வந்தன?

அங்கேதான் கதை கொஞ்சம் கசக்கிறது. 1980-ல் சியாட்டிலில் ஒரு சின்னக் கம்பெனி, இன்டெல்லின் புதிய 8086 சிப்பை வைத்து மெஷின் விற்றுக்கொண்டிருந்தது. அதற்கேற்ற சிபிஎம் வருகிறது, வருகிறது என்றார்கள். வந்தபாடில்லை. பொறுமை இழந்த டிம் பேட்டர்சன் என்கிற 24 வயது இளைஞர், தானே ஒன்றை எழுதிவிட்டார். சிபிஎம் புரோகிராம்களைச் சுலபமாக மாற்றி ஓட்டிக்கொள்ளும்படி, வெளித்தோற்றத்தில் அதே ஏற்பாடுகள். அவர் அதற்கு வைத்த பெயருக்கு, 'அவசரத்துக்கு அள்ளித் தெளித்தது' என்று அர்த்தம் சொல்லலாம்.

அதே வருடம் ஐபிஎம் ஆள்கள் கில்டாலைத் தேடி அவர் ஊருக்கே வந்தார்கள். அவர் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கத் தன் விமானத்தில் போயிருந்தார். ரகசிய ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்துப் போட அவர் மனைவி டோரதி தயங்கினார். பேச்சு இழுத்தது. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் பக்கம் திரும்பியது. மைக்ரோசாஃப்ட் சியாட்டில் கம்பெனியிடம் போனது. முதலில் உரிமத்துக்கு 25,000 டாலர். 1981 ஜூலையில் மொத்தமாக வாங்க இன்னும் 50,000.

காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன், இதைவிட மலிவான கொள்முதல் வியாபார வரலாற்றில் அபூர்வம்.

கில்டால் ஆட்சேபித்தார். சரி, உங்களுடையதையும் விற்கிறோம் என்றது ஐபிஎம். விற்கவும் செய்தது. டாஸ் 40 டாலர். சிபிஎம் 240 டாலர். ஜனங்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டுமா?

அவசரத்துக்கு அள்ளித் தெளித்தது அப்படியே உலகமாகிவிட்டது. முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. 1983-ல் அந்த வசதி வந்தபோது, பிரித்துக்காட்ட ஒரு சாய்கோடு தேவைப்பட்டது. நேரான சாய்கோடு கட்டளைகளுக்கு ஏற்கெனவே போயாச்சு. அதனால் தலைகீழ்ச் சாய்கோடு. இன்டர்நெட் முகவரியில் ஒருவிதம், விண்டோஸில் இன்னொரு விதம் என்று இன்றைக்கும் நாம் குழம்புவது அதனால்தான்.

தேதியும் அப்படித்தான். பழைய மெஷின்கள் பலவற்றில் பேட்டரிக் கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி கேட்கும். சோம்பலில் வெறுமனே என்டர் தட்டினால் அன்றைய ஃபைல்களெல்லாம் 1980 ஜனவரி 1-ல் பிறந்துவிடும். டாஸின் காலம் அந்த நாளில்தான் தொடங்குகிறது. ஆகவே நாலாவது டிப்ஸ்: தேதியைச் சரியாக அடியுங்கள். ஒரு பில் எந்த வருடத்தது என்று ஆடிட்டர் கேட்கும்போது நன்றி சொல்வீர்கள்.

இதையெல்லாம் நோட்டில் எழுதி உருப்போட்டவர்கள், 'நமக்குத்தான் மண்டையில் ஏறவில்லை' என்று தங்களையே நொந்துகொண்டார்கள். பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் அவசரத்தைத்தான் அவர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

கில்டால் 1994 ஜூலையில் காலமானார். வயது 52. தனி மென்பொருளாக மைக்ரோசாஃப்ட் விற்ற கடைசி டாஸும் அதே 1994-ல்தான் வந்தது. அவருடைய கம்பெனி இயங்கிய பசிபிக் குரோவ் ஊரில், சிபிஎம்மை நினைவுகூர்ந்து ஒரு பலகை வைத்தார்கள். எப்போது? 2014-ல். இருபது வருடம் கழித்து.

கடைசியாக ஒரு டிப்ஸ். டாஸில் 'காப்பி கான்' என்று அடித்துப் பக்கத்தில் ஒரு ஃபைலின் பெயரைக் கொடுத்தால், கீபோர்டில் நீங்கள் அடிப்பதெல்லாம் அந்த ஃபைலுக்குள் போகும். முடித்ததும் எஃப்6, பிறகு என்டர். கான் என்றால் கீபோர்டும் திரையும் சேர்ந்தது. சி, ஓ, என் என்று மூன்று எழுத்து. சிபிஎம்மில் கில்டால் புழங்கிய பெயர்.

இப்போது உங்கள் விண்டோஸில் அதே மூன்றெழுத்தில் ஒரு புது ஃபோல்டர் போட்டுப் பாருங்கள். முடியாது என்று சொல்லும். அந்தப் பெயர் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.