பழைய மரத் துளைக்கருவிகளைப் பேணுதல்

ஐரோப்பாவில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மரத்தில் கடைந்த புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பாசூன் முதலியவற்றைத் தூய்மைசெய்து சிதையாமல் காக்கும் பணி. தொடக்கத்தில் மஞ்சள் நிற பாக்ஸ்வுட் கட்டையே மிகுதியாகப் பயன்பட்டது; பின்னர் ஆப்பிரிக்கக் கருமரம் பரவியது.

இக்கருவிகளின் சுருதியையும் நாதத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பது உட்துளையின் வடிவம். அதன் விட்டத்தில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் சுரம் பிசகக்கூடும். மரமோ சும்மா இருப்பதில்லை. காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் அது சுருங்கும் அளவு, ஆரப்போக்கில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. அதனால் வட்டமாகக் கடைந்த துளை காலப்போக்கில் நீள்வட்டமாகிறது. அதை மறுபடி கடைந்து வட்டமாக்கிய பழுதுபார்ப்புகள் உண்டு. பேரிழப்பு அது: செய்தவர் வைத்த அளவை அறியும் தடயமே சீவலோடு போய்விடுகிறது.

ஆகவே தூய்மைப் பணி தூசியோடு நிற்பதே நல்லது. மென்மையான தூரிகையால் தூசியைத் தளர்த்தி, குறைந்த விசையில் உறிஞ்சி எடுக்கிறார்கள். பிசுக்கு இருந்தால் நன்றாகப் பிழிந்த பஞ்சால் ஒற்றி, உடனே உலர்த்துகிறார்கள். நீரில் ஊறவைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் கூடவே கூடாது. பக்கத் துளைகளை மூடும் வெள்ளி, பித்தளை விசைகளைத் துலக்கும் பசை மரத்தில் படாமல் பார்க்க வேண்டும்.

எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். இசைஞர் யோகான் யோகிம் குவாண்ட்ஸ், 1752இல் பெர்லினில் வெளியான தம் புல்லாங்குழல் நூலில் வாதுமை எண்ணெயைப் பரிந்துரைத்தார். நாள்தோறும் ஊதப்படும் குழலுக்கு அது பொருந்தும்; மூச்சின் ஈரம் மரத்துக்குள் இறங்குவதை எண்ணெய் தாமதப்படுத்தும். காட்சிப்பேழையில் இருக்கும் கருவிக்கு அதனால் பயன் குறைவு, கெடுதலே அதிகம். ஆளிவிதை எண்ணெய் இறுகிப் படலமாகித் துளையின் அளவைக் குறைக்கும். எந்தக் கொழுப்பெண்ணெயும் பித்தளையைத் தொடும் இடத்தில் பச்சைநிற மெழுகுபோலத் திரளும்.

வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஈரப்பத ஏற்றத்தாழ்வு. நெடுநாள் காய்ந்து கிடந்த குழலை எடுத்து ஊதினால், உட்புறம் மூச்சின் ஈரத்தில் விரியும், வெளிப்புறம் விரியாது, மரம் பிளக்கும். மரம் உப்பினால், அதைச் சுற்றியுள்ள யானைத்தந்த வளையம் விரிசல் விடும், சுருங்கினால் வளையம் கழன்றுவிடும். அருங்காட்சியகங்கள் ஒப்பு ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக வைக்க முயல்கின்றன. கருவியின் துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டி வைக்காமல் கழற்றியே வைப்பதும் முக்கியம். செருகுமுனையில் நூலை இறுக்கமாகச் சுற்றியிருந்தால் அம்முனை நசுங்கி, உள்ளே துளையும் குறுகும். செல்லரித்த கருவிகளைக் கையுறையின்றித் தொடலாகாது. பழைய சேகரிப்புகளில் ஆர்செனிக் கலந்த பூச்சிமருந்து தங்கியிருக்கக்கூடும்.

பழைய கருவிகளை வாசிக்கலாமா என்பது ஓயாத விவாதம். அளவெடுத்துப் படி செய்து, படியை வாசிப்பதே மூலக்கருவிக்குப் பாதுகாப்பு. வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்திலுள்ள டேட்டன் மில்லர் தொகுப்பில் சுமார் 1,700 புல்லாங்குழல்களும் அவற்றின் இனக் கருவிகளும் உள்ளன. அவற்றுள் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்குக்காகக் குவாண்ட்ஸ் செய்ததாகக் கருதப்படும் குழலும் ஒன்று. அதன் அளவுகளை ஒட்டி இக்காலக் கைவினைஞர்கள் செய்யும் குழல்கள் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன.