ரேஞ்ச்பைண்டர் காமிராவுக்கு அகலக்கோண லென்ஸ்

லென்ஸின் வழியாகப் பார்க்காமல், அதற்கு மேலே தனியாக அமைந்த சிறு ஜன்னலின் வழியாகக் காட்சியைப் பார்த்து, அதன் நடுவில் இரட்டையாகத் தெரியும் பிம்பங்களை ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்து தூரத்தை அளக்கும் காமிராவுக்கு ரேஞ்ச்பைண்டர் காமிரா என்று பெயர். 24-க்கு 36 மி.மீ. அளவுள்ள பிலிம் சட்டத்தில், வழக்கமான 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 47 பாகை காட்சியை அடக்கும். அதனினும் குறைந்த குவியத்தூரம் கொண்டு, 35 மி.மீ. ஆனால் 63 பாகையும், 28 ஆனால் 75 பாகையும், 21 ஆனால் 90 பாகைக்குச் சற்று மேலும் அடக்கும் லென்ஸ்களே அகலக்கோண லென்ஸ்கள் எனப்படும். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் புகுவோர் பெரும்பாலும் லென்ஸை மட்டுமே ஆராய்கிறார்கள். ஆனால் இந்த ஜாதிக் காமிராவில் கண் பார்ப்பது லென்ஸை அன்று, ஜன்னலையே ஆதலால், அந்த ஜன்னல் எதைக் காட்டவல்லது என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்வதே முறையாகும்.

ஜெர்மனியிலுள்ள வெட்ஸ்லார் நகரில், லைட்ஸ் தொழிற்சாலையில் ஆஸ்கர் பர்னாக் உருவாக்கிய லைக்கா, 1925-இல் வெளிவந்தபோது கழற்ற முடியாத 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே தாங்கியிருந்தது. 1930-இல் லென்ஸை மாற்றும் வசதி வந்ததும் 35 மி.மீ. எல்மார் கிடைக்கலாயிற்று, 1932-இல் லைக்காவின் இரண்டாம் மாதிரியும், ஜைஸ் ஐக்கான் நிறுவனத்தின் கான்டாக்ஸும் லென்ஸோடு இணைந்து இயங்கும் தூரமானியைக் கொண்டுவந்தன, 1935-இல் 28 மி.மீ. ஹெக்டார் தோன்றியது. ஆயினும் இத்துறையின் மகத்தான சாதனை என்று நான் கருதுவது, லுட்விக் பெர்ட்டலே வகுத்து 1954-இல் கான்டாக்ஸுக்காக வெளிவந்த 21 மி.மீ. பயகானையே.

அச்சாதனையின் காரணத்தை அறிந்துகொண்டால் இக்காமிராவுக்கும் அகலக்கோணத்துக்கும் உள்ள சம்பந்தம் விளங்கும். லென்ஸின் வழியாகவே காட்சியைக் காட்டும் எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே ஒரு கண்ணாடி எழுந்து விழ வேண்டியிருப்பதால், குறுகிய குவியத்தூரமுள்ள லென்ஸும் பிலிமுக்குத் தொலைவிலேயே நின்றாக வேண்டும்; இதற்காகவே, பிரெஞ்சு நிறுவனமாகிய ஆஞ்சனியூ 1950-இல் கொண்டுவந்ததைப் போன்ற, முன்புறம் பருத்த தலைகீழ் அமைப்புகள் தேவைப்பட்டன. ரேஞ்ச்பைண்டரில் கண்ணாடி இல்லை. லைக்காவின் எம் வகைக் காமிராவில் லென்ஸ் பொருந்தும் முகம் பிலிமுக்கு 27.8 மி.மீ. தூரத்திலேயே இருக்கிறது, லென்ஸின் பின்பகுதியோ அதற்கும் உள்ளே நுழைந்து பிலிமை நெருங்கி நிற்கலாம். ஆகையால், ஒளி புகும் துவாரத்தின் இருமருங்கும் ஏறத்தாழ ஒத்த வில்லைகளை அமைத்து, கட்டடத்தின் நேர்கோடு படத்தின் ஓரத்திலும் வளையாமல் நேர்கோடாகவே விழும்படி செய்வது சாத்தியமாயிற்று. இந்த அநுகூலத்துக்கு விலையும் உண்டு. சாய்ந்து வரும் ஒளி மூலைகளில் மங்கும். இயற்கை விதிப்படி கணக்கிட்டால், 35 மி.மீ. லென்ஸில் மூலைக்கு நடுவின் பாதி ஒளியும், 21-இல் கால் பங்கு ஒளியுமே சேரும். பயகான் போன்ற அமைப்புகள் இந்நஷ்டத்தை ஓரளவு குறைத்தனவேயன்றி அறவே நீக்கிவிடவில்லை.

தூரத்தை நிர்ணயிப்பதிலும் விசேஷ நன்மை ஒன்று உண்டு. எஸ்.எல்.ஆரில் அகலக்கோண லென்ஸைப் பொருத்திப் பார்த்தால் எல்லாமே கூர்மையாக இருப்பதுபோல் தோன்றி, எது உண்மையில் கூர்மை என்று கண்ணுக்குத் தட்டுப்படாது. ரேஞ்ச்பைண்டரின் துல்லியமோ லென்ஸின் குவியத்தூரத்தைச் சார்ந்ததன்று. விளக்கு மங்கிய அறையிலும் இரு பிம்பங்கள் ஒன்றாகும் கணம் தெளிவாகத் தெரியும். பகலிலோ அதுவும் வேண்டாம்: 28 மி.மீ. லென்ஸில் துவாரத்தை எஃப் 8-இல் வைத்து, தூர வளையத்தை 3 மீட்டருக்குச் சற்று மேலே திருப்பிவிட்டால், சுமார் 1.6 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அனைத்தும் போதிய தெளிவோடு விழும். விரலுக்கு அடங்கும் சிறு பிடி உள்ள லென்ஸானால், அப்பிடி எங்கே நின்றால் எத்தனை மீட்டர் என்பதைச் சில வாரப் பழக்கத்தில் விரலே கற்றுக்கொள்கிறது. காமிராவைக் கண்ணுக்கு உயர்த்துவதற்குள் தூரம் அமைந்துவிடும். இவ்வகை லென்ஸ்களில் பல 0.7 மீட்டருக்கும், பழையவை 1 மீட்டருக்கும் உட்பட்ட பொருளை அளப்பதில்லை என்பதையும் நினைவில் இருத்த வேண்டும்.

இனி ஜன்னலின் விஷயம். 1954-இல் வந்த லைக்கா எம்3-இன் ஜன்னல் காட்சியை ஏறக்குறைய இயற்கை அளவிலேயே காட்டும் அற்புதமான ஜன்னல். ஆனால் அக்காரணத்தாலேயே, படத்தின் எல்லையைக் காட்டும் சட்டங்களுள் 50 மி.மீ. சட்டத்தைவிட அகன்றதற்கு அதில் இடமில்லை. 35 மி.மீ. லென்ஸை அதில் பயன்படுத்த விரும்பியவர்களுக்காக, லென்ஸின் தலையிலேயே மூக்குக்கண்ணாடி போன்ற இரு வில்லைகளை ஏற்றி, அவை காமிராவின் ஜன்னல்களை மறைத்து நின்று காட்சியைச் சுருக்கிக் காட்டும்படி செய்தார்கள். சில ஆண்டுகளில் வந்த எம்2, 0.72 மடங்கு காட்டும் ஜன்னலோடு 35 மி.மீ. சட்டத்தையும் தன்னுள்ளேயே கொண்டது, 28 மி.மீ. சட்டம் 1980-களின் தொடக்கத்தில் எம்4-பி-இல்தான் சேர்ந்தது. அதுவும் ஜன்னலின் விளிம்பை ஒட்டி நிற்பதால், மூக்குக்கண்ணாடி அணிந்தோர் அதன் நான்கு பக்கங்களையும் ஒரே பார்வையில் காண இயலாமல் விழியை இங்குமங்கும் உருட்ட வேண்டியிருக்கும். 0.58 மடங்கு காட்டும் ஜன்னலுள்ள மாதிரிகள் அத்தகையோருக்கு மிகவும் சௌகரியமானவை. 25, 21, 15 ஆகியவற்றுக்கோ காமிராவின் தலையில் செருகும் தனி வியூபைண்டர் வேண்டும். ஓரிடத்தில் தூரத்தை அளந்து, வேறிடத்தில் காட்சியை அமைக்கும் இரட்டை வேலையை அது சுமத்துகிறது. பெரிய லென்ஸும் அதன் மூடாக்கும் ஜன்னலின் கீழ் வலது மூலையை மறைத்துவிடும். ஆதலால் சிறிய லென்ஸை நாடுவது அழகுக்காக மட்டுமன்று.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தால், முதல் அகலக்கோண லென்ஸ் 35 மி.மீ. ஆகவே இருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். சட்டத்துக்கு வெளியேயும் சிறிது காட்சி தெரிவதால், உள்ளே நுழையப்போகும் மனிதரை முன்கூட்டியே கண்டு காத்திருக்கலாம். இக்காமிராவின் சிறப்பனைத்தும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. 28 மி.மீ. லென்ஸ் நெருங்கிப்போகத் துணிந்தவருக்கு உரியது. நியூயார்க் தெருக்களின் நெரிசலைக் காரி வினோகிராண்ட் அதைக் கொண்டே படமாக்கினார். 21 மி.மீ. குறுகிய அறைகளுக்கும் கட்டடங்களுக்கும் பெரிதும் உதவும். ஆனால் காமிரா அணுவளவு மேல்நோக்கிச் சாய்ந்தாலும் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். ஓரத்தில் நிற்பவரின் தலை முட்டை வடிவாக இழுபடும். பலர் வரிசையாக நின்றால் ஓரத்து முகத்துக்கு அந்தக் கதி நேர்வதால், குடும்பப் படங்களுக்கு இதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

துவாரத்தின் பெருமையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1960-களின் தொடக்கத்தில் வந்த 35 மி.மீ. சம்மிலக்ஸ் எஃப் 1.4 வரை திறக்கும். முழுதும் திறந்தால் விளக்குகளைச் சுற்றி ஒளி படரும். அதை விரும்புவோரும் உண்டு. எஃப் 2 அல்லது 2.8 பெரும்பாலோருக்குப் போதும்.

டிஜிட்டல் காமிராவில் பிலிமின் இடத்தை எடுத்துக்கொண்ட சென்சார், பக்கவாட்டில் சாய்ந்து வரும் ஒளியைப் பிலிமைப்போல் ஏற்பதில்லை. பிலிமுக்கு அநுகூலமாயிருந்த அதே நெருக்கம் இங்கே பிரதிகூலமாகி, படத்தின் ஓரங்களில் செந்நீலச் சாயலை உண்டாக்குகிறது. 2006-இல் வந்த லைக்கா எம்8-இன் சென்சார் சிறியதாகையால் 28 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 37 போலவே காட்டியது; 2009-இல் எம்9 முழு அளவைத் திரும்பக் கொடுத்தபோது ஓரச் சாயலின் தொல்லை முழுமையாக வெளிப்பட்டது. வாய்க்ட்லேண்டர் என்ற பெயரில் ஜப்பானியக் கொசினா நிறுவனம் 1999-இல் வெளியிட்ட 15 மி.மீ. ஹெலியாரை 2015-இல் மறுபடி வகுக்க நேர்ந்தது இதனாலேயே. பழைய சமச்சீர் லென்ஸைப் பிலிமுக்கும், புதிய அமைப்பைச் சென்சாருக்கும் கொள்வது நலம்.

பழைய லென்ஸை வாங்குவோர் பின்புறக் கண்ணாடியை முதலில் பார்க்க வேண்டும். போருக்கு முந்திய 35 மி.மீ. பயகானின் வழித்தோன்றலாகிய சோவியத் ஜூப்பிட்டர்-12-ஐ எடுத்துக்கொண்டால், அதன் பின்வில்லை குமிழ்போல் புடைத்து லென்ஸின் உடலைவிட்டு வெளியே நிற்கும். மூடியில்லாமல் மேஜைமேல் வைத்தால் கண்ணாடியே பலகையில் உரசும். அதைச் சில காமிராக்களில் திருகினால் உள்ளேயுள்ள பாகங்களில் இடிக்கும். ஆகையால், விலை பேசுமுன் பிலிம் இல்லாத காமிராவைக் கையோடு கொண்டுபோய், மெதுவாகப் பொருத்தி, தூரவளையத்தை இரு எல்லைகளுக்கும் திருப்பிப் பார்த்து, தொலைவிலுள்ள ஒரு கோபுர உச்சியோ கம்பமோ ஜன்னலில் ஒன்றாகப் படியும்போது வளையமும் தன் கடைசிக் குறியில் நிற்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.